11 புள்ளி என்பது எதன் அளவு?

தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்னால் இருக்கும் விவரக் குறிப்பைப் பாருங்கள். ‘தாள்: 18.6 கி.கி. மேப்லித்தோ, நூல் அளவு: டெமி 1/8, எழுத்து: 11 புள்ளி’ என்கிற மாதிரி சில வரிகள் இருக்கும். 18.6 கிலோ என்பது 58.5 x 91 செ.மீ. தாள் 500 கொண்ட ஒரு ரீமின் எடை. வகுத்துப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 70 கிராம் என்று வந்துவிடும். டெமி 1/8 சரிதானா என்று அளவுகோல் வைத்தே சொல்லிவிடலாம். 11 புள்ளி மட்டும் எதிலும் பிடிபடாது. 11 புள்ளி என்றால் ஏறத்தாழ 3.9 மில்லிமீட்டர். அந்தப் பக்கத்தில் ‘ப’, ‘ட’, ‘ம’ எதை அளந்தாலும் அதில் பாதி அளவுதான் தேறும்.

மண்டபத்திலோ ராமேசுவரத்திலோ வலைக் கடையில் 40 மில்லிமீட்டர் கண்ணி கேட்டு வாங்குகிறவருக்கு இந்தக் குழப்பம் வராது. கண்ணியை இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே அளந்ததுதான் 40. கண்ணியின் ஒரு பக்கத்தை மட்டும் அளந்தால் 20தான் வரும். எதை, எந்த நிலையில் அளப்பது என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அச்சுத் தொழிலிலும் ஒரு காலத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஈய எழுத்து போய்க் கணினி வந்தபோது எண் மட்டும் தங்கிவிட்டது, அளக்கப்பட்ட பொருள் கையை விட்டுப் போய்விட்டது.

அந்தப் பொருள், எழுத்து வார்க்கப்பட்ட ஈயக் கட்டை. கட்டையின் தலையில் எழுத்து புடைத்து நிற்கும். தரையிலிருந்து எழுத்தின் முகம் வரை உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.3 மி.மீ. எல்லா எழுத்துக்கும் இது ஒன்றே. இல்லாவிட்டால் ஒன்று தாளில் படும், மற்றொன்று படாது. புள்ளி, அதாவது பாயிண்ட் என்று சொல்வது, வாசிக்கிற நிலையில் கட்டையின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை உள்ள கனத்தை. 12 பாயிண்ட் கட்டையில் எழுத்தைச் சிறிதாக வெட்டலாம், பெரிதாகவும் வெட்டலாம். இரண்டும் 12 பாயிண்ட்தான். மேலே ‘கி’யின் விசிறி, ‘க்’கின் புள்ளி, கீழே ‘கூ’வின் சுழி, ‘ழ’வின் வால் எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டைக்குள்தான் இடம் தேட வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து கட்டையில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. தமிழில் மேலும் கீழும் இடம் விட்டாக வேண்டியிருப்பதால் நடு உடல் சுருங்கிப்போகிறது. ஒரே வரியில் தமிழும் ஆங்கிலமும் 12 என்று போட்டுவிட்டு, ஆங்கிலம் மட்டும் ஏன் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஆங்கிலத்தை ஒன்று அல்லது ஒன்றரை பாயிண்ட் குறைத்தால் கண்ணுக்குச் சமமாகிவிடும்.

கீழக்கரை, தொண்டிப் பக்கத்துத் திருமண அழைப்பிதழ்களில் இந்தச் சிக்கல் மும்முனையாக வரும். தலைப்பில் அரபி, நடுவில் தமிழ், முகவரியில் ஆங்கிலம். மூன்றுக்கும் 14 என்று கொடுத்தால் பல எழுத்துருக்களில் அரபி வரி இளைத்துவிடும், ஆங்கிலம் தடித்துத் தெரியும். அரபி எழுத்து மேலேயும் கீழேயும் நீளக் கை நீட்டுவது. கட்டைக்குள் அடக்கும்போது உடல் இன்னும் சிறுக்கிறது. அங்கே எண்ணைப் பார்த்துப் பயனில்லை, கண்ணால்தான் ஒப்பிட வேண்டும். (கீழக்கரையின் அரபுத்தமிழ் நூல்களில் பல கல்லச்சில் வந்தவை. கையால் எழுதிக் கல்லில் ஏற்றியதற்குக் கட்டையும் இல்லை, பாயிண்டும் இல்லை.)

தமிழ் அச்சின் தொடக்கத்திலேயே எழுத்தின் அளவு ஒரு பிரச்சினையாக இருந்தது. வேதாளை வரை நீண்ட முத்துக்குளித்துறையில் பணியாற்றிய போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. முதலில் 1577இல் கோவாவில் எழுத்து வார்த்தார்கள், பிறகு கொல்லத்தில் வேறு வார்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்து அளவில் பெரியது. தாளோ அரிது. அந்த எழுத்தில் புதிய ஏற்பாடு முழுவதையும் அடித்தால் தாள் கட்டாது என்பதால், ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் அச்சகம் உள்ளூரிலேயே சிறிய எழுத்து வார்த்துக்கொண்டது. எழுத்தைச் சிறிதாக்கினால் பக்கம் குறையும், பக்கம் குறைந்தால் செலவு குறையும். அன்று தொட்டு இன்றுவரை எழுத்தின் அளவைத் தீர்மானிப்பதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்குண்டு.

அந்தக் காலத்தில் அளவுக்கு எண் கிடையாது, பெயர்தான். பிரெவியர், லாங் பிரைமர், பைக்கா, கிரேட் பிரைமர் என்றெல்லாம் சொன்னார்கள். ஏறத்தாழ 8, 10, 12, 18 பாயிண்ட். ஒரு வார்ப்பகத்தின் பைக்கா இன்னொன்றின் பைக்காவோடு பொருந்தாது. கலந்து கோத்தால் வரி ஆடும். பிரான்சில் ஃபூர்னியே 1737இல் எண் முறையைக் கொண்டுவந்தார், பிறகு திதோ அதை அரசாங்க அடிக்கோலோடு இணைத்தார். அமெரிக்க வார்ப்பகங்கள் 1886இல் தமக்குள் ஓர் அளவை ஒப்புக்கொண்டன. ஆக இன்று கையில் மூன்று பாயிண்ட் இருக்கிறது:

அமெரிக்க-ஆங்கிலப் பாயிண்ட் 0.3515 மி.மீ. ஈய எழுத்துக் காலத்தில் நம் அச்சகங்களில் புழங்கியது இதுதான். திதோ பாயிண்ட் 0.376 மி.மீ. கணினிப் பாயிண்ட், அங்குலத்தை நேராக 72ஆக வகுத்தது, 0.3528 மி.மீ.

முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு வரியில் தெரியாது. பழைய புத்தகப் பக்கம் ஒன்றைக் கணினியில் அப்படியே திரும்பக் கோத்து மேலே வைத்துப் பார்த்தால் தெரியும். வரிக்கு 13 பாயிண்ட், 40 வரி என்றால் ஈயத்தில் 182.8 மி.மீ., கணினியில் 183.4. அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். படியெடுப்பில் கடைசி வரி மட்டும் நழுவி நிற்பதற்குப் பிழை தேடி அலைய வேண்டாம், காரணம் இதுவே. திதோ அளவில் வார்த்த ஐரோப்பிய எழுத்தென்றால் வித்தியாசம் 7 சதவீதம். அதைக் கண்ணே சொல்லிவிடும்.

12 பாயிண்ட் ஒரு பைக்கா. நம் அச்சகங்களில் வரியின் அகலத்தை ‘24 எம்’ என்று சொல்லும்போது எம் என்பது இந்தப் பைக்கா எம். 24 எம் 4 அங்குலம். ஆனால் பத்தி தொடக்கத்தில் ‘ஒரு எம் உள்ளே தள்ளு’ என்றால் அது அந்த எழுத்தின் சொந்த எம். 10 பாயிண்ட் எழுத்தில் 10 பாயிண்ட் சதுரம். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள், இடத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் கையில் எம் குவாட் என்ற ஓர் எம் அகல வெற்றுக் கட்டை, அதில் பாதி என், மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று இடைவெளிக் கட்டைகள் இருக்கும். 12 பாயிண்டில் இவை 12, 6, 4, 3, 2.4. வரி கோக்கும் கைச்சட்டமான ஸ்டிக்கில் வரி நிறையாமல் நின்றால் இவற்றை மாற்றிப் போட்டுத்தான் இறுக்குவார்கள்.

இறுக்கம் என்றால் இந்த இராமநாதபுரக் கடற்கரையில் அது தனிப் பாடு. செஸ் என்ற இரும்புச் சட்டத்துக்குள் எழுத்தைச் சுற்றி வைக்கும் மரக் கட்டைகள் ஈரக் காற்றில் ஊதும், கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் சுருங்கும். மாலையில் பூட்டிய ஃபார்ம், அதாவது சட்டத்தோடு இறுக்கிய பக்கக் கட்டு, மறுநாள் மதியம் தூக்கும்போது நடுவில் பொலபொலவென்று உதிரும். அடிக்கத் தொடங்குமுன் இன்னொரு முறை முடுக்கிப் பார்ப்பதுதான் இதற்கு வழி. ஈயமும் தப்பாது. நீண்ட நாள் மூடிக் கிடந்த மர எழுத்துப் பெட்டியில், ஈரமும் மரத்திலிருந்து கசியும் அமில ஆவியும் சேர்ந்து எழுத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். பூத்த எழுத்து பக்கவாட்டில் தடித்துவிடுவதால் அளவு பிசகும். அதே 24 எம்முக்குள் அந்த வரி அடங்காது. பழைய எழுத்தை அலங்காரத்துக்காக வாங்கி வைத்திருப்பவர்கள் இந்த வெள்ளைப் பொடியை வெறுங்கையால் துடைக்கக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது. அது ஈய நஞ்சு.

வரிகளுக்கு நடுவே ஈயத் தகடு போட்டு இடம் விடுவார்கள். வழக்கமான தகடு 2 பாயிண்ட் கனம். கணினியில் ‘லீடிங்’ என்று பலரும் சொல்வது இதைத்தான். ஈயத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்த சொல் என்பதால் ‘லெடிங்’ என்பதே சரியான ஒலிப்பு. தமிழுக்கு இந்த எண் எழுத்தின் அளவைவிட முக்கியம் என்றே சொல்லலாம். பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் தானாகப் போடும் இடைவெளி 120 சதவீதம். 11 பாயிண்டுக்கு 13.2. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மேல்வரியின் ‘ழூ’வும் கீழ்வரியின் ‘ளீ’யும் நேருக்கு நேர் வந்தால் முட்டிக்கொள்ளும். 11க்கு 14, 12க்கு 15 அல்லது 15.5 என்று வைத்தால் கண் நிம்மதியாக ஓடும்.

அந்த ஒரு பாயிண்டுக்கு விலை உண்டு. டெமி 1/8 பக்கத்தில் எழுத்துப் பரப்பின் உயரம் 6.5 அங்குலம், அதாவது 468 பாயிண்ட் என்று கொள்வோம். வரிக்கு 13 என்றால் 36 வரி, 14 என்றால் 33 வரி. முதல் கணக்கில் 200 பக்கம் வந்த நூல், இரண்டாவதில் 219 பக்கம். ஒரே தாளில் 16 பக்கம் வரும் ஃபார்மாக அச்சிட்டால் 13 ஃபார்ம் 14 ஆகும். நூறு பிரதி அடிப்பவர் இதைப் பொருட்படுத்த மாட்டார். ஆயிரம் அடிப்பவர் 13.5 வைத்து 34 வரி கிடைக்குமா என்று பார்ப்பார். கிடைக்கும், 459 பாயிண்டில் அடங்கும்.

தட்டச்சுக்கு வந்தால் எண்ணே தலைகீழாகிறது. அச்சில் எண் கூடக் கூட எழுத்து பெரிது. தட்டச்சில் பிட்ச் என்பது ஓர் அங்குல அகலத்தில் எத்தனை எழுத்து என்ற கணக்கு, ஆகவே எண் கூடக் கூட எழுத்து சிறிது. 10 பிட்ச் பைக்கா, 12 பிட்ச் எலைட். பைக்கா என்ற பெயர் இங்கே அகலத்தைக் குறிக்கிறது, அச்சில் 12 பாயிண்டைக் குறிக்கிறது. இரண்டுக்கும் உறவு இல்லாமல் இல்லை. தட்டச்சு இயந்திரம் மேலிருந்து கீழாக அங்குலத்துக்கு 6 வரி நகரும். ஒரு வரி 12 பாயிண்ட். கணினியில் கூரியர் எழுத்துருவை 12 பாயிண்டில் அடித்தால் அங்குலத்துக்கு 10 எழுத்து, 10 பாயிண்டில் அடித்தால் 12 எழுத்து. ஏனெனில் அதன் ஒவ்வோர் எழுத்தும் தன் கட்டையில் 0.6 பங்கு அகலம். 12 x 0.6 = 7.2, 72ஐ 7.2ஆல் வகுத்தால் 10. ‘12இல் அடித்துக் கொடு’ என்று எவராவது சொன்னால் பாயிண்டா பிட்சா என்று கேட்டுவிடுவது நல்லது.

ஏ4 தாள் 8.27 அங்குல அகலம், 11.69 அங்குல உயரம். 10 பிட்சில் 82 இடம், 12 பிட்சில் 99 இடம், ஒற்றை வரி இடைவெளியில் 70 வரி. இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டுமென்றால் பைக்காவில் 15 இடம், எலைட்டில் 18. தமிழ் இயந்திரம் எந்த பிட்ச் என்று ஊகிக்க வேண்டாம், அடித்து அளந்துவிடலாம். ‘ட’வை 51 முறை அடித்து, முதல் ‘ட’வின் இடது ஓரத்திலிருந்து கடைசி ‘ட’வின் இடது ஓரம் வரை அளந்தால் 50 இடம் கிடைக்கும். 127 மி.மீ. என்றால் 10 பிட்ச், 105.8 என்றால் 12.

தமிழில் இடத்தை எண்ணுவதுதான் பயிற்சியில் பலரையும் கவிழ்க்கிறது. ‘தேங்காய்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து நான்கு: தே, ங், கா, ய். தட்ட வேண்டிய விசைகள் எட்டு: கொம்பு, த, புள்ளி, ங, க, கால், புள்ளி, ய. இயந்திரம் நகரும் இடங்கள் ஆறு. புள்ளி நகரா விசை. அதை முதலில் தட்டினால், தாளைத் தாங்கி நகரும் கேரேஜ் அசையாமல் நிற்கும், அடுத்துத் தட்டும் மெய் அதன் அடியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் நகரும். ‘கடல்’ என்றால் மூன்று எழுத்து, நான்கு தட்டு, மூன்று இடம். தலைப்பை நடுவில் போட வேண்டும் என்றால் எண்ண வேண்டியது எழுத்தையும் அல்ல, தட்டையும் அல்ல, இடத்தை. ஏ4 பைக்காவில் நடு 41. தலைப்பு 24 இடம் என்றால் பாதி 12 கழித்து 29இல் தொடங்க வேண்டும். எழுத்தை எண்ணித் தொடங்கினால் தலைப்பு வலப்பக்கம் சாயும், தட்டை எண்ணினால் இடப்பக்கம் சாயும். சாய்ந்த பக்கத்தைப் பார்த்தே எதை எண்ணினார்கள் என்று சொல்லிவிடலாம்.

1978 எழுத்துச் சீர்திருத்தமும் இந்தக் கணக்கில் கை வைத்தது. ணா, றா, னா முதலியனவும் ணை, லை, ளை, னை ஆகியனவும் சேர்ந்து 13 கூட்டு வடிவங்கள் பிரிந்தன. அச்சுப் பெட்டியில் அறை மிச்சம். ஒரே வடிவமாக இருந்தது உடலும் குறியுமாகப் பிரிந்ததால் வரியில் இடம் கூடுதல்.

உப்புக் காற்றுப் படும் ஊர்களில் தட்டச்சு இயந்திரத்தின் அளவும் பிசகும். அகலத்தில் பிசகினால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும். கேரேஜை இடம் இடமாக நிறுத்தும் பல்சட்டத்தின் பற்கள் மாறுவதில்லை. கேரேஜ் ஓடும் தண்டவாளத்தில் துருவும் கெட்டிப்பட்ட எண்ணெயும் சேர்ந்து இழுத்துப் பிடிப்பதுதான் காரணம். மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, மெல்லிய மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தண்டவாளத்தில் மட்டும் விட வேண்டும். எழுத்துக் கம்பிகள் பதிந்திருக்கும் அரைவட்டப் பள்ளத்தில் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி மொத்தமும் சிக்கிக்கொள்ளும்.

உயரத்தில் பிசகினால் ரோலரைப் பாருங்கள். ரோலரின் ஓரச் சக்கரம் ஒரு வரிக்கு ஒரு குறிப்பிட்ட கோணம்தான் திரும்பும். இறுகிப்போன ரப்பரைக் கழற்றிப் புது ரப்பர் போடும்போது கனம் கூடிவிட்டால் சுற்றளவு கூடும், கோணம் அதேதான், ஆகவே வரி நீளும். ஒரு சுற்றுக்கு 32 வரி நகரும் ரோலரின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் பெருத்தால், 70 வரிக்குள் கிட்டத்தட்ட 7 மி.மீ. தள்ளிவிடும். வெற்றுத் தாளில் இது தெரியாது. அச்சடித்த படிவத்தில் கோட்டின் மேல் அடிக்கும்போது முதல் வரி கோட்டில் உட்காரும், கடைசி வரி கட்டத்துக்கு வெளியே போயிருக்கும்.

கணினியில் ஈயமும் ரோலரும் இல்லாவிட்டாலும் கட்டை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத கட்டையாக. எழுத்துருவை வரைந்தவர் அதற்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வைத்தார் என்பது அவர் விருப்பம். லதா, விஜயா என்ற இரண்டு எழுத்துருக்களையும் ஒரே 12இல் அடித்துப் பாருங்கள், விஜயா பல படி சிறியதாக நிற்கும். இராமநாதபுரத்தில் கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளுக்கு மனு அடித்துத் தரும் கடைகளில், பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த மனுவை யுனிகோடுக்கு மாற்றியதும் ஒரு பக்கம் ஒன்றேகால் பக்கமாகி நிற்கும். சொல் கூடவில்லை, பாயிண்டும் மாறவில்லை, கட்டைக்குள் எழுத்து பெருத்துவிட்டது. அங்கே பாயிண்டைக் குறைக்கத் தயங்க வேண்டியதில்லை.

அச்சான பக்கத்தின் அளவைக் கண்டுபிடிக்க வேண்டுமா? எழுத்தை விட்டுவிடுங்கள், வரியை அளங்கள். முதல் வரியின் ‘ப’ அடியிலிருந்து பதினோராம் வரியின் ‘ப’ அடி வரை மில்லிமீட்டரில் அளந்து, பத்தால் வகுத்து, 2.835ஆல் பெருக்குங்கள். 49.4 வந்தால் 14 பாயிண்ட் வரி. எழுத்தின் பாயிண்டுக்கு அதே எழுத்துருவில் அதே வரியை 11, 11.5, 12 என மூன்று அளவில் அடித்து, மேலே வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைவிட நம்பகமான வழி இல்லை. பிரிண்டரில் ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வு போட்டிருந்தால் எல்லாமே சில சதவீதம் சுருங்கியிருக்கும். 100 மி.மீ. கோடு ஒன்றைச் சேர்த்து அடித்து, அது 100தானா என்று பார்த்த பிறகு மற்றதை நம்புங்கள்.

வாட்சப்பில் வந்த அழைப்பிதழ்ப் படத்தையே அச்சுக்குக் கொடுப்பவர்கள் இப்போது அதிகம். படத்தில் பாயிண்ட் கிடையாது, பிக்சல்தான். 1,080 பிக்சல் அகலப் படத்தை 7 அங்குல அட்டையில் அடித்தால் அங்குலத்துக்கு 154 பிக்சல்தான். சிறிய எழுத்து தெளிவாக நிற்க 300 வேண்டும், அதாவது 2,100 பிக்சல்.

சுவரொட்டியிலும் ஃபிளெக்ஸிலும் பாயிண்டில் பேசுவதே வீண். மர எழுத்துக் காலத்தில் ‘10 லைன்’ என்பார்கள். ஒரு லைன் ஒரு பைக்கா, ஆக 120 பாயிண்ட். இப்போது வாடிக்கையாளர் சொல்வது, ‘ரோட்டிலிருந்து தெரியணும்’ என்பது மட்டும்தான். நின்று வாசிக்கிற தூரம் 10 அடிக்கு எழுத்தின் உடல் ஓர் அங்குலம் என்பது பெயர்ப் பலகை எழுதுகிறவர்களின் கைக்கணக்கு. 30 அடி என்றால் 3 அங்குலம், சுமார் 75 மி.மீ. எழுத்துருவில் 100 பாயிண்டில் ஒரு ‘ப’ அடித்து அதன் உயரத்தை அளங்கள். 18 மி.மீ. இருந்தால் 75ஐ 18ஆல் வகுத்து 100ஆல் பெருக்க 417 பாயிண்ட். கோப்பைப் பத்தில் ஒரு பங்காக வரைகிறீர்கள் என்றால் 41.7. வரிகளை அடுக்குமுன் அதே அளவில் ‘ஸ்ரீ’யையும் ‘கூ’வையும் அடித்துப் பார்த்துவிடுங்கள், மேலும் கீழும் இடம் கேட்பவை அவைதான்.